கையை விடாத உடும்பு

ஒரு காட்டில் யாராலும் ஏற முடியாத மலை ஒன்று இருந்தது. சுவர் மாதிரி செங்குத்து. கால் வைத்தால் வழுக்கும். ஆனால் காட்டுக்கு வேண்டிய நல்ல பொருளெல்லாம் அந்த மலையின் மேலேதான் இருந்தது. நஞ்சை முறிக்கும் பச்சிலை அங்கே. காதுவலிக்கு நல்ல வேர் அங்கே. மிளாவும் மானும் ஆசை ஆசையாக நக்கித் தின்னும் உப்புமண்ணும் அங்கேதான்.

பறவைகளால் மட்டும்தான் அங்கே போய்வர முடியும். பறவைகளோ தரைக்கு இறங்காது. காட்டுப்பூனை கவ்விவிடும் என்று பயம். மலையடியில் ஓங்கி நின்ற இலவமரத்தின் உச்சிக்கிளை வரைதான் வரும். அதற்குக் கீழே ஒரு கிளைகூட இறங்காது.

அதனால் நடுவில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மரத்தடிப் பாறையில் நான்கு மந்திகள் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை ஒரு மந்தியிடம் சொல்ல வேண்டும். அது மேலே பார்த்துக் குரல் கொடுத்துப் பறவையை அனுப்பும். பொருள் வந்ததும், எந்த மந்தியின் கை சும்மா இருக்கிறதோ அது மரமேறி வாங்கிவந்து உங்களிடம் கொடுக்கும்.

நல்ல ஏற்பாடுதானே? ஆனால் இதில் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டவரும் மந்தியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பொருள் வந்து சேரும்வரை பிடியை விடக்கூடாது. என்றோ ஒரு நரி, "நான்தான் கேட்டேன்" என்று பிறத்தியார் பொருளை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டதாம். அன்று முதல் இந்தக் கைபிடி. மரமேற ஒரு மந்தியின் கையை மட்டும் சும்மா விட்டுவைப்பார்கள்.

பக்கத்தில் கிடைக்கும் பொருளென்றால் பரவாயில்லை, கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். மலைக்குப் பின்னாலிருந்து வர வேண்டியது என்றால்? அரைநாள் ஆகும். அதுவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொட்டாவி விட வேண்டியதுதான். பின்னால் நிற்கிற வரிசை நீண்டுகொண்டே போகும்.

மந்திகளில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். சுறுசுறுப்புக்காரி. சும்மா உட்கார்ந்தால் அவளுக்கு உடம்பு நமைக்கும். அவள்தான் ஒருநாள் புது வழி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இனிமே கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார வேண்டாம். ஒரு விளாம்பழ ஓட்டை ரெண்டா உடைப்பேன். பாதி உங்ககிட்ட, பாதி எங்ககிட்ட. நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க. பொருள் வந்ததும் பேரைச் சொல்லிக் கூவுவேன். ஓடிவந்து ஓட்டைக் காட்டுங்க. ரெண்டு பாதியும் பொருந்தினா பொருள் உங்களுக்கு. பொருந்தலேன்னா நரிக்கும் கிடையாது, நாய்க்கும் கிடையாது!"

கேட்ட மிருகங்கள் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டன. பழைய வழக்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தன. இருந்தாலும் புதுசு என்றால் யாருக்குத்தான் உடனே நம்பிக்கை வருகிறது?

அந்தக் காட்டில் வீராயி என்று ஓர் உடும்பு வசித்தாள். உடும்புப் பிடி என்று சொல்கிறோமே, அது இவள் பிடியைப் பார்த்தால் தெரியும். பாறையைப் பற்றினால் பாறை பெயரும், பிடி பெயராது. அவள் பிடியைவிட இறுக்கமானது அவள் சந்தேகம். தண்ணீர் தெளிவாக இருந்தால், "ஏன் இவ்வளவு தெளிவா இருக்கு?" என்பாள். கலங்கியிருந்தால், "யார் கலக்கினது?" என்பாள். எதிரில் யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் போச்சு. அன்றைக்கு முழுவதும் அந்தச் சிரிப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. தாய்ப்பறவை இல்லாத நேரம் பார்த்துக் கூட்டில் இருக்கும் முட்டையை உறிஞ்சிவிட்டு வருவாள். அதனால் மற்ற எல்லாரும் அப்படித்தான் என்று அவள் மனதில் பதிந்துபோயிருந்தது.

அவளுக்கு ஒரே மகள், பூவாத்தா. குட்டி உடும்பு. ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பூவாத்தா ஏதோ ஒரு சிவப்பு வண்டைப் பிடித்துத் தின்றுவிட்டாள். சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளியது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

வீராயி குட்டியைப் பொந்துக்குள் சருகின்மேல் கிடத்தினாள். "அம்மா இதோ வந்துடறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு இலவமரத்தை நோக்கி ஓட்டமாக ஓடினாள்.

அங்கே அவளுக்கு முன்னால் முயல் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"என் பிள்ளைக்குக் காதுவலி. வேர் வேணும் அக்கா" என்றது முயல்.

சடைச்சி ஓட்டை உடைத்து ஒரு பாதியை நீட்டினாள். முயல் அதை வாயில் கவ்விக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடியே போய்விட்டது. ஒரு கேள்வி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை.

'அப்பாவியா, இல்லை அப்பாவி மாதிரி நடிக்குதா?' என்று வீராயி அதன் முதுகையே பார்த்தாள்.

"உனக்கு என்ன வேணும் வீராயி?"

"பூவாத்தா நஞ்சு வண்டைத் தின்னுட்டா! பச்சிலை வேணும். சீக்கிரம்!"

சடைச்சி பதறிப்போய் மேலே பார்த்துக் கூவினாள். ஒரு செம்பருந்து உச்சிக்கிளையிலிருந்து கிளம்பி மலைக்குப் பின்னால் பறந்தது.

"பயப்படாதே. உச்சி வெயிலுக்குள்ள இலைச் சாறு உள்ளே போயிட்டா முழுசாக் குணமாயிடும். தள்ளிப்போனாத்தான் ஆபத்து, கை கால் விழுந்துடும். இந்தா, உன் பாதி ஓடு. நீ போய் குட்டி பக்கத்துல இரு. வாய் காயாம தண்ணி தொட்டு வச்சுக்கிட்டே இரு. இலை வந்ததும் கூவறேன், ஒரே ஓட்டமா வந்துடு."

வீராயி ஓட்டைத் தொடவில்லை. அதைப் பார்த்தாள். சடைச்சியின் முகத்தைப் பார்த்தாள்.

'என்னை இங்கேருந்து அனுப்புறதுல இவளுக்கு என்ன இவ்வளவு அக்கறை? நான் போனதும் வர்ற இலையை வேற யாருக்காவது கொடுத்துட்டா? கூவினேன், உனக்குத்தான் கேட்கலைன்னு சொல்லிட்டா? ஓட்டை வச்சு நான் என்ன நக்கறதா?'

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். கையைக் கொடு" என்றாள்.

"குட்டி தனியா கிடக்காளே வீராயி!"

"என் குட்டியைப் பத்தி எனக்குத் தெரியும். கையைக் கொடுன்னா கொடு!"

சடைச்சி என்ன செய்வாள்? கேட்டவர் விரும்பினால் பழைய வழக்கம்தான். பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினாள். வீராயி பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி! மந்தியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பின்னால் நின்ற முள்ளம்பன்றி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. 'வீராயி சாதாரண ஆள் இல்லை. அவளே ஓட்டை வாங்கலைன்னா அதுல ஏதோ இருக்கு' என்று நினைத்து, இன்னொரு மந்தியிடம் போய், "எனக்கும் கைதான்" என்றது. அதற்குப் பின்னால் நின்ற காட்டுப்பன்றி, "எனக்கு மட்டும் காதுல பூ சுத்தப் பார்க்கறீங்களா?" என்று உறுமி மூன்றாவது மந்தியின் கையைப் பிடித்தது. இரண்டுக்கும் வேண்டியது மலைக்குப் பின்னால்தான் இருந்தது. இரண்டு பறவைகள் கிளம்பிப் போயின.

இப்போது கை சும்மா இருந்தது ஒரே ஒரு மந்திக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மைனா முயல் கேட்ட வேருடன் வந்து உச்சிக்கிளையில் உட்கார்ந்தது. அந்த நாலாவது மந்தி சரசரவென்று ஏறி வேரை வாங்கி வந்தது. சடைச்சி முயலின் பேரைச் சொல்லிக் கூவினாள். முயல் துள்ளி ஓடிவந்தது. இரண்டு பாதியும் பொருந்தின. முயல் வேரைக் கவ்விக்கொண்டது.

"பார்த்தியா வீராயி?" என்றாள் சடைச்சி. "எங்கேயாவது தப்பு நடந்ததா? இப்பவாவது ஓட்டை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போ. குட்டி கூப்பிட்டுக்கிட்டு இருப்பா."

முயலும் சொன்னது. "ஆமா அக்கா. நான் இந்நேரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்க வச்சுட்டேன். உன் குட்டிக்கு உடம்பு சரியில்லைன்னா நீ போயேன்."

வீராயி கண்ணைச் சுருக்கினாள். 'ஓஹோ! ரெண்டும் ஒரே மாதிரி பேசுது. ரெண்டும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லுது. முதல்ல ஒருத்திக்கு ஒழுங்காக் கொடுக்கிற மாதிரி கொடுத்து, மத்தவங்களை நம்ப வச்சு ஏமாத்துற வேலை. இந்த வீராயிகிட்டயா?'

பிடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். நல்லது செய்து காட்டினால் அதற்கும் ஒரு கள்ளம் கண்டுபிடிப்பவளை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அப்போது ஒரு மிளா ஆடி அசைந்து வந்தது. பெரிய கொம்பு, அதைவிடப் பெரிய கர்வம். "உப்புமண் வேணும். ஓடு கீடெல்லாம் நம்மகிட்ட வேண்டாம்" என்று நாலாவது மந்தியின் பக்கம் முன்காலை நீட்டியது.

"வேண்டாம் அண்ணே!" சடைச்சி கெஞ்சினாள். "அவ ஒருத்தி கைதான் சும்மா இருக்கு. அதையும் பிடிச்சுக்கிட்டா மரமேற ஆள் இல்லை."

"முள்ளம்பன்றிக்குக் கை உண்டு, எனக்கு இல்லையா? நான் என்ன அதைவிடக் கேவலமா?"

பேசிப் பயனில்லை. மிளா பிடித்துக்கொண்டது. நாலாவது கையும் போயிற்று.

வெயில் ஏறியது. பாறை சுட்டது. வீராயிக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. பூவாத்தா இப்போது என்ன செய்கிறாளோ? விழித்திருக்கிறாளா, மயங்கிவிட்டாளா? ஓடிப்போய் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாமா என்று கால் துடித்தது. ஆனால் கை விடவில்லை. 'விட்டா போச்சு. இத்தனை நேரம் காத்திருந்ததும் போச்சு' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது மேலே சிறகடிக்கும் சத்தம் கேட்டது. செம்பருந்து! அதன் வாயில் பசேல் என்று இலை. உச்சிக்கிளையில் உட்கார்ந்து, இலையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு கத்தியது.

"வீராயிக்கு இலை! யாராவது வந்து வாங்குங்க!"

வீராயி அண்ணாந்து பார்த்தாள். வந்துவிட்டது! பூவாத்தா பிழைத்தாள்!

"வாங்கிட்டு வா, சீக்கிரம் வாங்கிட்டு வா!" என்று சடைச்சியை உலுக்கினாள்.

"கையை விடு, போறேன்."

"விட மாட்டேன். வேற யாரையாவது ஏறச் சொல்லு."

"வேற யாரு இருக்கா வீராயி? நாலு பேர் கையும் மாட்டிக்கிட்டு இருக்கே!"

வீராயி அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். அங்கே முள்ளம்பன்றி ஒரு மந்தியைப் பிடித்திருந்தது. இங்கே காட்டுப்பன்றி ஒன்றைப் பிடித்திருந்தது. அந்தப் பக்கம் மிளா ஒன்றைப் பிடித்திருந்தது. மேலே இலை, கீழே ஆள். நடுவில் ஏறி இறங்க ஒரு கை இல்லை.

"முள்ளம்பன்றியண்ணே, கொஞ்சம் கையை விடேன். என் குட்டிக்கு இலை வந்திருக்கு" என்றாள் வீராயி.

முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது. "ஏன், நீ விடறதுதானே? இலை உனக்கு, கை நான் விடணுமா? நான் விட்டதும் நீ என் மந்தியையும் சேர்த்துப் பிடிச்சுக்குவே. உன்னைத் தெரியாதா?"

"காட்டுப்பன்றி மாமா, நீயாவது..."

"போ போ. ஊரான் கூட்டுல முட்டை எடுக்கறவளை நம்பி நான் கையை விடணுமா?"

அவள் யாரையும் நம்பாதவள். அவளை நம்பவும் அங்கே யாரும் இல்லை.

சடைச்சி மேலே பார்த்துக் கத்தினாள். "செம்பருந்தே, இலையைக் கீழே போட்டுடேன்!"

"காத்து அடிக்குது. போட்டா ஓடைக்குள்ள போய் விழும். இன்னொரு இலை பறிக்க நான் மறுபடி மலையைச் சுத்தணும்" என்றது பருந்து. "சீக்கிரம் வாங்க. இலை வெயில்ல வதங்குது!"

"அப்ப நீயே கொஞ்சம் கீழே இறங்கி வாயேன். நான் ஒரு கையால எட்டி வாங்கிக்கறேன்" என்றாள் வீராயி.

பருந்து அவளை உற்றுப் பார்த்தது. "போன மாசம் என் கூட்டுக்கு வந்தது நீதானே? உன் குட்டி மேல இரக்கப்பட்டு இலை பறிச்சேன். உன் கைக்கு எட்டுற தூரத்துக்கு வருவேன்னு மட்டும் நினைக்காதே. நீ இந்த மரத்துல காலை வச்சாலும் நான் பறந்துடுவேன்."

வீராயி தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் இன்னும் இரண்டு பறவைகள் வந்து சேர்ந்தன. முள்ளம்பன்றி கேட்டதும் வந்துவிட்டது, காட்டுப்பன்றி கேட்டதும் வந்துவிட்டது. உச்சிக்கிளையில் பறவைகள் பொருளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கீழே அவரவர் ஒரு மந்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடேயப்பா, என்ன காட்சி! யாராவது ஒருவர் விட்டால் எல்லாருக்கும் கிடைக்கும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் சண்டை.

"வீராயி," என்றாள் சடைச்சி. "எனக்கும் ஒரு குட்டி இருக்கு. அது மேல ஆணையாச் சொல்றேன். கையை விட்டா மேலே போய் இலையை எடுத்து உன் கையில கொடுக்கறதுதான் எனக்கு வேலை. உன் இலையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? உச்சிப்பொழுது தாண்டுது. விடு தாயே."

வீராயி மந்தியின் கண்ணைப் பார்த்தாள். அதில் கண்ணீர் நின்றது. ஒரு கணம் அவள் விரல்கள் தளர்ந்தன.

'இவ ஏன் அழறா?' என்று தோன்றியது. 'என் குட்டிக்காக இவ ஏன் அழணும்? அழறவளை நம்பவே கூடாது.'

விரல்கள் மறுபடி இறுகின.

நிழல் மரத்தடியைத் தாண்டிக் கிழக்கே சாய ஆரம்பித்தது. பருந்தின் காலடியில் இலை சுருண்டது. யாரும் அசையவில்லை.

கடைசியில் அசைந்தது மிளாதான். அதற்குத் திடீரென்று யார்மேலும் இரக்கம் வந்துவிடவில்லை, தாகம் வந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "உப்பாவது மண்ணாவது! எனக்குத் தண்ணி வேணும்" என்று காலை உதறிக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தது.

அவ்வளவுதான். கை விடுபட்ட நாலாவது மந்தி நொடியில் மரமேறியது. மூன்று பறவைகளிடமிருந்தும் மூன்று பொருளையும் வாங்கிக்கொண்டு இறங்கியது. முள்ளம்பன்றியுடையது முள்ளம்பன்றிக்கு. காட்டுப்பன்றியுடையது காட்டுப்பன்றிக்கு. இலை நேராக வீராயியின் கைக்கு. ஒரு துணுக்கு குறையவில்லை, ஒரு காம்பு மாறவில்லை. பாதி வதங்கிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

வீராயி அப்போதுதான் சடைச்சியின் கையை விட்டாள். மந்தியின் மணிக்கட்டில் நகம் பதிந்து இரத்தம் கட்டியிருந்தது. சடைச்சி அதை நீவிக்கூடப் பார்க்கவில்லை.

"நின்னு பேசாதே. ஓடு!" என்றாள்.

வீராயி ஓடினாள். முள்ளும் கல்லும் தெரியாமல் ஓடினாள். பொந்தை அடைந்தபோது பூவாத்தா சருகின்மேல் இல்லை. தாயைத் தேடி வாசல்வரை ஊர்ந்து வந்து, அங்கேயே மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தாள். வாய் காய்ந்து வெடித்திருந்தது. வீராயி அழுதுகொண்டே இலையைக் கசக்கிச் சாற்றை அவள் வாயில் பிழிந்தாள். பாதிச் சாறுதான் வந்தது.

சாயங்காலம் பூவாத்தா கண் விழித்தாள்.

"அம்மா, நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே. நீ ஏம்மா வரலை?"

வீராயி குட்டியை அள்ளி மார்போடு சேர்த்து, "அம்மாவைப் பிடிச்சுக்கோ கண்ணு. கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றாள்.

பூவாத்தா முன்கைகளை நீட்டித் தாயின் முதுகைப் பற்றப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. மறுபடி முயன்றாள். கை நழுவிக் கீழே விழுந்தது.

"பிடிக்க வரலையேம்மா" என்றாள் குட்டி உடும்பு.

நீதி: எல்லாரையும் சந்தேகித்து இறுகிப்போன கைக்கு, தேடி வந்த உதவியும் காலத்தில் எட்டாது.